ஏழாம் எண் லிண்ட்குரோவ்

ஆர்லன் புரூஷா ஒரு தோட்ட டிராக்டரைப் பார்த்து விலை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அயோவாவில் மட்டுமில்லை, சுற்றியுள்ள நாலு மாநிலங்களிலும் லிண்ட்குரோவ் வைத்திருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒப்புக்கொள்வார்கள், ஆனாலும் ஒப்புக்கொள்வார்கள்.

லிண்ட்குரோவ் என்பது புல் வெட்டவும் பனி தள்ளவும் காய்கறிப் பாத்தி உழவும் செய்யப்பட்ட சின்ன வண்டி. ஆள் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கை இடிக்கும். ஐம்பத்தொன்பதில் முதல் வண்டி வந்தது, எழுபத்து நாலில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. இன்றைக்கு லிண்ட்குரோவ் உரிமையாளர் சங்கத்தில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரில் யாராவது தன் லிண்ட்குரோவை எடுத்துப் புல் வெட்டினான் என்று தெரிந்தால், பெற்ற பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்பியவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

ஆகஸ்டு மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாவட்டக் கண்காட்சி மைதானத்தில் சங்கம் கூடும். நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மடக்கு மேஜை, ஒரு பெரிய குடை. மேஜை மேல் தடித்த பதிவேடு, கம்பி பிரஷ், கிரீஸ் டப்பா, தச்சர்கள் காதில் செருகும் தட்டைப் பென்சில். பின்னால் சங்கத்தின் பதிவாளர் ஆர்லன். எழுபத்தோரு வயது, தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்பவர்கள் தங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லும் கதைகளை அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

"முன்பலகையில இருக்கற நம்பர் தகட்டை நம்பாதீங்க. தகடு ரெண்டு ரிவெட்டுல நிக்குது. எவன் வேணா பேத்து எதுல வேணா அடிக்கலாம். சேஸியக் கேளுங்க, அது பொய் சொல்லாது."

வருஷா வருஷம் இதே வசனம். விஷயமும் அதுதான். வண்டியின் உண்மையான எண் பேட்டரித் தட்டுக்கு அடியில் சேஸி என்கிற அடிச்சட்டத்தின் இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரி அமிலம் சொட்டினால் நேராக அந்த எண்ணின் தலையில்தான் சொட்டும். அவ்வளவு யோசித்து இடம் தேர்ந்தெடுத்த கம்பெனி மூடப்பட்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? தட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி அச்சு எடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பதிவேட்டில் ஒட்டினால்தான் வண்டி சங்கத்தின் கணக்கில் வரும். அச்சு இல்லை என்றால் பதிவும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆர்லன் கொண்டுவந்த விதி இது.

அவர் கொண்டுவந்த இன்னொரு விதியும் உண்டு. ஏற்கனவே பதிந்த எண் தப்பு என்று தெரிந்தால், பிற்பகல் இரண்டு மணி ஊர்வலத்துக்கு முன்னால் பதிவாளரே ஒலிபெருக்கியில் உரிமையாளர் பெயரோடு திருத்தத்தை வாசிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கென் வோட்ரூபாவின் முப்பத்தொன்றாம் எண் உண்மையில் ஆயிரத்து எண்ணூற்று எழுபது என்று தெரியவந்தது. பாவம், அந்த மனுஷன் யாரோ ஏமாற்றி விற்றதை நம்பி வாங்கியிருந்தார். 'வீட்டில் சொல்லிக்கொள்கிறேன், மைக்கில் வேண்டாம் ஆர்லன்' என்று கெஞ்சினார். ஆர்லன் வாசித்தார். கென் அன்றைக்கே வண்டியை ஏற்றிக்கொண்டு போனவர்தான், பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஆர்லனிடம் இருக்கும் வண்டி ஏழாம் எண். கம்பெனி முதன்முதலில் கையால் செய்த பன்னிரண்டு வண்டிகளில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்பதுதான் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பட்டாணிப் பச்சை உடம்பு, பாலாடை நிறச் சக்கரங்கள், முகம் பார்த்துத் தலை வாரலாம் போல் பளபளப்பு. இரண்டு வருஷம் முன்பு கன்சாஸிலிருந்து வந்த ஒருவர் பதினாலாயிரம் டாலர் தருகிறேன் என்றார். ஆர்லன் சிரித்ததோடு சரி. பதிவேட்டில் ஏழாம் பக்கத்தைத் திறந்தால் மட்டும் பென்சில் அச்சு இருக்காது. விதி வருவதற்கு முன்னாலேயே பதிந்த வண்டி அது. 'அமிலம் அரித்துவிட்டது. தகடு சரிபார்க்கப்பட்டது' என்று ஆர்லன் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் பற்றி அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்தரை மணி சுமாருக்கு லவோன் டீட்ஸ் என்கிற பெண்மணி மேஜைக்கு வந்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர், ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சங்கத்து ஆள் இல்லை.

"ஏங்க, இது என்ன வண்டி, என்ன பெறும்னு நீங்க சொல்லுவீங்களாமே. டோக்கன் ஏதாச்சும் வாங்கணுமா?"

"டோக்கன்லாம் இல்லம்மா. வண்டி எங்க?"

"அதோ, விறகோட நிக்குது பாருங்க. இறக்கி வைக்க நேரமில்ல, அப்படியே கொண்டாந்துட்டேன்."

வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் வலித்தது போல முகத்தைச் சுளித்தார். பச்சை எங்கே, துரு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு லிண்ட்குரோவ், பின்னால் ஒரு குட்டி வண்டி நிறைய ஓக் விறகோடு நின்றது. இருக்கைக்குப் பதிலாக ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து மேலே பழைய போர்வை மடித்திருந்தது. முன்பலகையில் தகடே இல்லை.

"தகடு என்னாச்சு?"

"அது எம்பத்திரண்டுலயே போயிருச்சு. ஷெட் கூரை சரிஞ்சு விழுந்து முன்பலகை அப்பளமா நொறுங்கிருச்சு. என் மாமனார் வேற பலகை வாங்கிப் போட்டுட்டு, பழசைத் தகட்டோட ஏலத்துல ஒரு பெட்டி இரும்புச் சாமானோட தள்ளிவிட்டுட்டார். அவரு அந்தக் கம்பெனிலதான் பெயின்ட் அடிச்சிட்டிருந்தாரு. அங்க வாங்கின வண்டிதான் இது."

ஆர்லன் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமனார், பாட்டனார், கம்பெனி முதலாளியே கையால் கொடுத்தது என்று ஒரு நாளைக்கு இருபது கதை கேட்கிறவர். புல்லில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். பேட்டரித் தட்டின் திருகாணிகளைக் கழற்றினார். கம்பி பிரஷால் நாலு இழு இழுத்தார்.

சைபர், சைபர், சைபர், ஏழு.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏழின் மேல்கோட்டில் எலி கடித்தது போல ஒரு சின்ன வெட்டு. அந்தக் கம்பெனியில் ஏழு என்ற எண்ணைப் பொறிக்கும் அச்சு ஆரம்பத்திலேயே உடைந்துபோனது. பதினேழு, இருபத்தேழு, முப்பத்தேழு, எல்லா எண்ணிலும் அந்த வெட்டு இருக்கிறது. இதை உலகத்தில் கண்டுபிடித்துச் சொன்னதே ஆர்லன்தான். போலியாக யாரும் அடித்திருக்க முடியாது என்று, வேறொரு எண்ணாக இருந்திருந்தால், அவர் பத்து நிமிஷம் பேசியிருப்பார்.

அப்போதுதான் மாமனார் கதை அவர் காதுக்குள் போனது. ஏலம், ஒரு பெட்டி இரும்புச் சாமான், நொறுங்கிய பலகை, அதில் ஒட்டியிருந்த தகடு. அவர் தன் வண்டியை வாங்கியது மிசௌரிக்காரர் ஒருவரிடம். அந்த ஆள் பத்து வண்டியைப் பிரித்து ஒரு வண்டி செய்கிறவர் என்று அப்போதே ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். பொறாமையில் பேசுகிறார்கள் என்று ஆர்லன் விட்டுவிட்டார். வாங்கும்போதே பேட்டரித் தட்டுக்கு அடியில் பட்டிப் பசை வைத்து மெழுகி, மேலே அழகாக வர்ணம் பூசியிருந்தது. அமிலம் தின்றுவிட்டது, அதனால்தான் பட்டி என்றார் விற்றவர். அவ்வளவு நல்ல வர்ணத்தைச் சுரண்ட யாருக்கு மனசு வரும்? ஆர்லனுக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை.

"என்னங்க, ஏதாச்சும் தெரியுதா?" மேலேயிருந்து லவோனின் குரல் வந்தது.

ஆர்லனின் கை தானாக நீண்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கை தானாக எங்கேயும் நீளாது. அவர் எழுந்து போய் மேஜையிலிருந்த கிரீஸ் டப்பாவை எடுத்து வந்தார், திரும்பப் படுத்தார், விரல் நிறைய வழித்து எண் மேல் பூசினார், தட்டைப் பழையபடி வைத்துத் திருகினார்.

"நம்பர் தெரியலம்மா. அமிலம் அரிச்சிருச்சு."

பொய் சொல்லக்கூட அவர் புதிதாக யோசிக்கவில்லை. ஏழாம் பக்கத்து வரியையே எடுத்து நீட்டிவிட்டார்.

"அப்ப என்ன பெறும்?"

"அறுபத்து மூணு, நாலு மாடலா இருக்கும். சாதாரண வண்டிதான். நல்லா ஓடுது, கியர் பாக்ஸ் சத்தமில்ல. அறுநூறு டாலர் சொல்லலாம்."

லவோனுக்கு வாயெல்லாம் பல். "நான் முந்நூறு கிடைச்சாலே பெருசுன்னு வந்தேன். ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றி." துரு படிந்த கையோடு அவர் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார்.

இதற்குள் டெனி ஸ்ட்ரோபல் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். உதிரிச் சாமான் வியாபாரி. முழு வண்டி ஒன்று எதிரே நின்றாலும் அவன் கண்ணுக்குக் கியர் பாக்ஸ் தனியாக, சக்கரம் தனியாக, கார்புரேட்டர் தனியாகத்தான் தெரியும்.

"பெரியவர் வாயால அறுநூறு வந்திருச்சா? அப்ப நான் அறுநூத்தம்பது தரேன்க்கா. ஆனா கியர் பாக்ஸைத் திறந்து பார்த்துட்டுத்தான் காசு. வடக்கு கேட்டுகிட்ட என் கடை, ஓட்டிட்டு வாங்க. விறகையும் சேர்த்துத் தரீங்களா?"

"விறகு தரமாட்டேன். அது குளிர்காலத்துக்கு."

"பெரியவரே, பாத்தீங்களா, உங்கள விட கறாரு!"

ஆர்லன் சிரிக்க முயன்றார். இரண்டு பேரும் போனார்கள். குட்டி வண்டி விறகோடு தடதடவென்று ஆடிக்கொண்டே போனது.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டியை எழுபது என்றார். அதன் சொந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, 'நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று நகர்ந்தார். அது ஆர்லனை இன்னும் குத்தியது. ஸ்ட்ரோபல் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும். கியர் பாக்ஸ், எஞ்சின், சக்கரம் எல்லாம் தனித்தனியாக விற்றுவிடுவான். சேஸியை யாரும் வாங்க மாட்டார்கள், அது திங்கட்கிழமை பழைய இரும்புக்குப் போகும். உலையில் உருகினால் ஒரே ஒரு ஏழுதான் மிச்சம் இருக்கும், அது ஆர்லனுடையது. ஒருத்தருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

சும்மா உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

ஒலிபெருக்கி பார்க்கும் மெர்ல் ஓடெல் ஒரு தட்டில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் அவித்த சோளமும் கொண்டுவந்து வைத்தார். முப்பது வருஷச் சிநேகிதர். "சாப்பிடுடா. என்ன மூஞ்சி இது? யாராவது உன் வண்டி மேல எலுமிச்சை ஜூஸை ஊத்திட்டாங்களா?"

"மெர்ல், ஒரே நம்பர ரெண்டு வண்டில அடிச்சிருப்பாங்களா?"

"நீதான இல்லவே இல்லன்னு பத்திரிகைல ரெண்டு பக்கம் எழுதினே. ஏன், எவன் கேட்டான்?"

ஆர்லன் எழுந்தார். மேஜையிலிருந்த பழைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். சட்டைப்பையில் கத்தி இருந்தது.

அவருடைய வண்டி மைதானத்தின் நடுவில், மர நிழலில், சுற்றிலும் கயிறு கட்டி நின்றது. காலையில் குத்திய முதல் பரிசு நீல ரிப்பன் காற்றில் ஆடியது. ஆர்லன் கயிற்றைத் தாண்டினார், முழங்காலை மடக்கி உட்கார்ந்தார், பேட்டரியையும் தட்டையும் கழற்றிப் புல்லில் வைத்தார். அப்போதும் அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. பட்டிக்கு அடியில் இரும்பு உண்மையிலேயே அரித்திருந்தால் போதும். அரித்திருந்தால், கம்பெனிதான் ஏதோ தப்பு செய்து இரண்டு ஏழு அடித்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். அதை நம்பவும் முயற்சி செய்யலாம்.

கத்தியை வர்ணத்தில் இறக்கினார்.

"டேய்! டேய், பைத்தியமா உனக்கு?" மெர்ல் சோளத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். "ரிப்பன் வாங்கின வண்டிடா அது!"

பட்டி கேக் போலப் பெயர்ந்து வந்தது. அடியில் இருந்த இரும்பு வழவழவென்று இருந்தது. ஒரு சொட்டு அமிலம்கூட அதன் மேல் விழுந்ததில்லை. தெளிவாக இருந்த எண்ணை மறைப்பதற்கென்றே யாரோ பட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு, ஒன்பது, நாலு, ஒன்று. அறுபத்தாறாம் வருஷம் மூவாயிரம் வண்டிகளோடு வண்டியாக வந்தது.

மெர்ல் குனிந்து பார்த்தார். மெல்ல நிமிர்ந்தார். "அய்யோ ஆர்லன்," என்றார்.

"அந்தம்மா எங்க? விறகு வண்டி?"

"ஸ்ட்ரோபல் கடைல பார்த்தேன். கியர் பாக்ஸைத் திறந்துட்டிருக்கான். ஏன்?"

எழுபத்தோரு வயதில் ஓடுவது நல்லதில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆர்லன் ஓடினார். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் வேகமாக நடந்துகூட யாரும் பார்த்ததில்லை.

ஸ்ட்ரோபல் கியர் பாக்ஸை மூடிவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தான். பல்சக்கரங்கள் நன்றாக இருந்ததில் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. லவோன் விறகை ஒவ்வொன்றாகத் தன் பிக்கப் வண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோபல் பர்ஸை எடுத்தான்.

"விக்காதீங்கம்மா," என்றார் ஆர்லன். மூச்சு வாங்கியது. "காசை வாங்காதீங்க."

"என்ன பெரியவரே, காலைல விலை சொன்னது நீங்கதான? இப்ப வந்து பஞ்சாயத்து பண்றீங்க?"

"அது ஏழாம் நம்பர்."

ஸ்ட்ரோபல் பர்ஸைத் திறந்தபடியே நின்றான். "ஏழு உங்ககிட்ட இல்ல இருக்கு?"

"எங்கிட்ட இருக்கறது தகடு. வண்டி இது."

லவோன் ஒரு விறகுக் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. ஏழுன்னா என்ன?"

"ஏழுன்னா பதினோராயிரம் டாலர்," என்றார் ஆர்லன். "பழைய தகட்டோட சேர்ந்தா பதினாலு. தகடும் உங்களோடதுதான், நான் தரேன்."

ஸ்ட்ரோபல் பர்ஸை மூடிப் பைக்குள் வைத்தான். ஆனால் வியாபாரி வியாபாரிதான். "அக்கா, எட்டாயிரம். இப்பவே. என் பிக்கப்புல இருக்கு, பத்து நிமிஷத்துல எடுத்தாந்துருவேன். விறகையும் நானே ஏத்தித் தரேன்."

"இன்னிக்கு யாருக்கும் எதையும் விக்கறதா இல்ல," என்றார் லவோன். கட்டையைப் பழைய குட்டி வண்டியிலேயே திரும்ப வைத்தார். "முதல்ல எங்கயாவது உக்காரணும்."

இரண்டு மணி ஆனது. ஊர்வலத்துக்கு நூற்றிருபது வண்டிகள் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. மெர்ல் மைக்கை ஆர்லனிடம் கொடுத்தார், கொடுக்கும்போது தோளைத் தட்டினார். எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள்.

"பதிவேட்டில் ஒரு திருத்தம்," என்று வாசித்தார் ஆர்லன். மற்றவர்களுக்கு வாசிக்கும் அதே குரல்தான். "ஏழாம் எண் என்று பதியப்பட்ட வண்டியின் உண்மையான எண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. உரிமையாளர் ஆர்லன் புரூஷா. உண்மையான ஏழாம் எண் வண்டியின் உரிமையாளர் திருமதி லவோன் டீட்ஸ்."

முதலில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் மைதானமே தட்டியது. ஹாரன் அடித்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்லன் மேடையிலிருந்து இறங்கியதும் ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். சொந்த வண்டியின் கழுத்திலேயே கத்தி வைத்தாரே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்றார்கள். "நீ ஆம்பளடா," என்று மெர்ல் கட்டிப்பிடித்தார். கென் வோட்ரூபாவுக்கு யாரும் கை தட்டவில்லையே என்று ஆர்லனுக்குத் தோன்றியது. கென் செய்த தப்பு என்ன, நம்பி வாங்கியது ஒன்றுதான். ஆர்லன் செய்ததோ வேறு. அது இங்கே கை தட்டுகிற ஒருவருக்கும் தெரியாது. இவர்கள் தட்டத் தட்ட அவருக்கு உடம்பு கூசியது.

ஊர்வலம் முடிந்து கூட்டம் பழப் பலகாரம் விற்கும் பக்கமாக ஒதுங்கியதும் லவோன் மேஜைக்கு வந்தார். வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். ஆர்லன் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றிய தகட்டை ஒரு துணியில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"பதிவு பண்ணணும்னு சொன்னாங்க," என்றார் லவோன். "அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். காலைல நீங்க சொன்ன விலைய நம்பி நான் வித்திருந்தா, உங்கள யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. உங்களுக்கே அப்புறம்தான சந்தேகம் வந்து, உங்க வண்டியப் போய்ச் சுரண்டியிருக்கீங்க. எவ்வளவு பெரிய மனசு. காலைலயே பார்த்தேன், நம்பர் இருக்கற இடத்துல துரு பிடிக்காம கிரீஸ் எல்லாம் தடவி மூடினீங்க. யாரோட வண்டியோ, என்னவோ, அவ்வளவு அக்கறை. என் புருஷன்கிட்ட போன்ல சொன்னேன், இப்படிப்பட்டவங்களும் இருக்காங்கன்னு."

ஆர்லன் பென்சிலை எடுத்தார், வைத்தார். லவோன் சொன்னது முழுக்கக் கச்சிதமாக இருந்தது. ஒரு 'பரவாயில்லம்மா' சொன்னால் போதும், ஆயுசுக்கும் அதுவே நிலைத்துவிடும். பதிவேட்டைப் பார்த்தார், தூரத்தில் மெர்ல் கையசைப்பதைப் பார்த்தார்.

"அது துருவுக்காகத் தடவல," என்றார்.

"பின்ன?"

"நம்பர் காலைலயே தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. பார்த்துட்டுத்தான் மூடினேன். யாரும் பார்த்துரக் கூடாதுன்னு மூடினேன்."

லவோன் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரிஞ்சேதான் அறுநூறு சொன்னீங்களா?"

"ஆமா."

"அவன் அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவான்னும் தெரியும்?"

"தெரியும்."

"நான் உங்க கையப் பிடிச்சு நன்றி சொன்னேனே."

"சொன்னீங்க."

லவோன் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் அவர் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பென்சில இப்படிக் குடுங்க," என்றார் லவோன்.

"அச்சு நான் எடுத்துத் தரேம்மா, அதுக்கு ஒரு பக்குவம்..."

"என் வண்டிய நீங்க தொடவேண்டாம். குடுங்க."

ஆர்லன் பென்சிலையும் காகிதத்தையும் கொடுத்தார். லவோன் தானே புல்லில் படுத்தார், தானே தட்டைக் கழற்றினார், போர்வையின் ஒரு முனையால் கிரீஸைத் துடைத்தார். முதல் காகிதம் நழுவி அச்சு இரட்டையாக விழுந்தது. இரண்டாவது கிழிந்தது. காகிதத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பென்சிலைப் படுக்கவைத்து ஒரே பக்கமாக உரச வேண்டும். நானூறு வண்டிகளுக்கு அச்சு எடுத்த மனுஷன் இதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது காகிதத்தில் எண் கோணலாக வந்தது. வெட்டு விழுந்த ஏழு தெளிவாகத் தெரிந்தது.

லவோன் எழுந்து வந்து ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். பழைய வரிக்குக் கீழே காகிதத்தை ஒட்டித் தன் பெயரை எழுதினார். பிறகு பதிவேட்டை ஆர்லன் பக்கம் தள்ளினார்.

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதுவீங்க?"

"வண்டியப் பத்தி ஏதாச்சும் விசேஷமா இருந்தா எழுதுவோம்."

"விசேஷம் இருக்கு. எழுதுங்க."

ஆர்லன் உட்கார்ந்தார். மற்றவர்களின் தப்பை எழுதும் அதே முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். இன்று காலை பத்தரை மணிக்குப் பதிவாளர் இந்த எண்ணைக் கண்டார், மறைத்தார், அறுநூறு டாலர் என்று பொய் மதிப்பு சொன்னார். கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது, எல்லாம் முடிந்தது என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. லவோன் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வாளியைச் சரியாக வைத்து ஏறி உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு விறகோடு கேட்டைத் தாண்டிப் போனார்.